விஞ்ஞானி பார்த்த பிரேக்

எங்கள் வீட்டு விஞ்ஞானி ஒரு டைல்ஸ் ஷோரூமில் விற்பனை மேலாளர். எந்த டைல் வழுக்கும், எந்த டைல் வழுக்காது என்று வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பதுதான் வேலை. விஞ்ஞானி என்பது நான் வைத்த பெயர். மனசுக்குள் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவேன், வெளியே 'என்னங்க'தான். ஃபோனில் நாலு வீடியோ பார்த்துவிட்டால் போதும், மனிதருக்குக் கொம்பு முளைத்துவிடும். வாஷிங் மெஷினைக் கழற்றிப் பார்த்தார். அன்றிலிருந்து அது துணியை நனைத்துக் கொடுப்பதோடு சரி. சமையலறைக் குழாயில் கை வைத்தார். கீழ் வீட்டுக்காரர் அடுப்படியில் குடை பிடிக்காத குறை. இவ்வளவுக்குப் பிறகும் அந்த முகத்தில் ஒரு சின்ன வெட்கம் வந்து நான் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் கையில்தான் என் காரின் பிரேக் மாட்டிக்கொண்டது.

என் கார் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பதிவு அவர் பெயரில், தவணை என் சம்பளத்தில். ஓட்டுவது நான் ஒருத்திதான். அவருக்கு பைக் இருக்கிறது, காருக்குள் உட்கார்ந்தால் பெட்ரோல் போவது காதில் கேட்கிறதாம். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருந்து எரிந்து விழுகிறவர்களிடம் நல்ல வார்த்தை சொல்லி ரத்தம் எடுக்க வேண்டும். குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, கெட்டுப்போவதற்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை.

எங்கள் குடியிருப்பு ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. வாசலில் தொடங்கும் தெரு சரிந்துகொண்டே போய் நேராகப் பெரிய சாலையில் முட்டும். அங்கே ஓடுகிற லாரிகள் யாருக்காகவும் நிற்பதில்லை. கீழே போய்ச் சேரும்போது என் பிரேக் பிடித்தால் நான் வேலைக்குப் போவேன், பிடிக்காவிட்டால் லாரிக்கு அடியில் போவேன். இதைப் புரிந்துகொள்ள யாரும் வீடியோ பார்க்க வேண்டியதில்லை.

ஒரு நாள் காலை மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கிளம்பும்போது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. ஹேண்ட்பிரேக்கை இழுத்து விட்டுப் பார்த்தேன், அணையவில்லை. எடுத்த ரத்தத்தைக் கூடத்தில் சேர்த்துவிட்டு நேராக மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன்.

அந்த மெக்கானிக்கைப் பற்றி உயர்வாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே, வெயில் எட்டிப் பார்க்காத இருட்டில், நெற்றிக்கு மேல் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு திரிகிற ஆள். வண்டியைத் தூக்கிச் சக்கரங்களைக் கழற்றும்வரை நானும் பக்கத்திலேயே நின்றேன். பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் கசிந்து அழுக்கோடு பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. முன்சக்கரத்திலிருந்து ஒரு பிரேக் பேடைக் கழற்றி, என்னிடம் காட்டாமல், தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

"மேடம், சார் நம்பர் குடுங்க."

"எதுக்கு? எங்கிட்ட சொல்லுங்க."

"இல்ல மேடம், இது டெக்னிக்கல். சார்கிட்ட பேசிக்கறேன்."

கண்ணுக்கே தெரியாத நரம்பைத் தடவிப் பார்த்து ஊசி போடுகிறவள் நான். எனக்கு டெக்னிக்கல் புரியாதாம், குளியலறைக்கு டைல் விற்கிறவருக்குப் புரியுமாம். நம்பரைக் கொடுத்தேன். வேறு வழி? சார் சொல்லாமல் ஸ்பானரைத் தொட மாட்டேன் என்று நின்றார் அந்த ஆள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சார் வந்தார். கூலிங் கிளாஸ் அவரிடம் விலாவாரியாக விளக்கினார். பேடு தேய்ந்து இரும்பு தெரிகிறது. பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிகிறது, உள்ளே இருக்கிற சிலிண்டரை மாற்ற வேண்டும். எண்ணெய் குறைந்ததால்தான் விளக்கு எரிகிறது. அத்தோடு விட்டிருந்தால் நல்ல மனிதர் என்று சொல்லியிருப்பேன். கையோடு வைப்பரை மாற்றலாம், ஏசி ஃபில்டரை மாற்றலாம், பாலிஷ் போட்டால் வண்டி பளபளவென்று இருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் அவர் சொன்ன தொகை எனக்கே அநியாயமாகப் பட்டது.

பிறகு, நம்ப வைப்பதற்காக, தேய்ந்த பேடை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

அந்த இடத்தில்தான் காரியம் கெட்டது. என் வீட்டுக்காரர் அந்தப் பேடைப் பார்த்ததும் மெதுவாகச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். எதிராளியின் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்ற சிரிப்பு அது. "யோசிச்சு சொல்றோம், முதல்ல எல்லாத்தையும் மாட்டிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

"பார்த்தியா? கையில எடுத்துட்டு வந்து காட்டுறான். நான் கவுன்டருக்குக் கீழ என்ன வெச்சிருக்கேன், சொல்லு."

அவர் கவுன்டருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். உடைந்த டைல் ஒன்று. விலை குறைந்த டைலை யாராவது ஆசையாகத் தடவிப் பார்த்தால், இவர் குனிந்து அதை எடுத்து மேசையில் வைப்பார். "இது போன மாசம் ஒரு வீட்ல போட்டது சார், நீங்களே பாருங்க" என்பார். அந்த டைல் எந்த வீட்டுக்கும் போனதில்லை. அதைச் சுத்தியலால் உடைத்தவரே இவர்தான். ஒவ்வொரு ஷோரூம் விருந்திலும் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார். நானும் ஆரம்பத்தில் சிரித்திருக்கிறேன்.

"அது எந்த வண்டியில கழட்டுனதோ! வர்றவனுக்கெல்லாம் அதையேதான் காட்டுவான்."

"நம்ம வண்டியிலேருந்து கழட்டும்போது நான் பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தேன்ங்க."

"நீ பார்த்துட்டுதான் இருப்ப. அவன் கை மாத்துனது உனக்குத் தெரியுமா?"

என் கண்ணால் பார்த்ததற்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் மதிப்பு. நல்லவனுக்கு ஊரில் எல்லோரும் நல்லவர்களாகத் தெரிவார்கள் என்றால் கேட்க நன்றாக இருக்கும். இவருக்கோ, ஊரிலே யார் எதை எடுத்துக் காட்டினாலும் அது சுத்தியலால் உடைத்த டைல். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினாலும் "இது யாரோட எலும்பு?" என்று கேட்கிற ரகம். பாவம் அந்தக் கூலிங் கிளாஸ், ஒரே ஒரு உண்மையைச் சொன்னார், அதையும் வைப்பரோடும் பாலிஷோடும் சேர்த்துக் கட்டிக் கெடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் விஞ்ஞானி ஒரு பாட்டில் பிரேக் ஆயிலோடு வந்தார். பானெட்டைத் திறந்து, மூடியைத் திருகி, ஊற்றினார். விளக்கு அணைந்தது. பரிசு வாங்கினவர் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு பாட்டில் காசு. இதுக்கு அவன் நம்ம தலையில மிளகாய் அரைக்கப் பார்த்தான்."

கொஞ்ச நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. ஊற்றின எண்ணெய் எங்கே போனது என்று நான் கேட்டதற்கு "நான் பாத்துக்கறேன்" என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேட்டரிமேல் ஃபோனைச் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு, பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மேலே வந்து, பாத்திரம் தேய்க்கிற என் சோப்பில் கை கழுவினார்.

"சரி பண்ணியாச்சு. இனிமே எரியாது."

சொன்னபடியே எரியவில்லை. நான் நம்பினேன். எங்கள் கூடத்தில் மெஷின் சர்க்கரை அதிகம் என்றால் அதிகம், குறைவு என்றால் குறைவு, அதை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு இல்லை என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

அதே வாரம் அவருக்கு மகள்மேல் திடீர் அக்கறை. "குட்டி இனிமே ஸ்கூல் பஸ்லயே போகட்டும். மத்த பிள்ளைங்களோட பழகணும்ல" என்றார். காலையில் எனக்கும் ஒரு சுற்று மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். இந்த மனிதருக்கும் அப்பா என்கிற பொறுப்பு வந்துவிட்டதே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன், என் புத்தியை என்ன சொல்ல!

பெடல் மட்டும் நாளுக்கு நாள் தொளதொளவென்று போனது. மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி உள்ளே போகும், பாதிக்கு மேல்தான் பிடிக்கும். சொன்னேன்.

"புது ஆயில் ஊத்துனா அப்படித்தான் இருக்கும். போகப் போக செட் ஆகிடும்."

இதை எந்த வீடியோவில் பார்த்தாரோ தெரியவில்லை. முகத்தில் ஒரு சந்தேகக் கோடு இல்லாமல் சொன்னார்.

ஒரு புதன்கிழமை காலை, சரிவின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போய்விட்டது. காலை எடுத்து மறுபடி மிதித்தேன், மறுபடியும் மிதித்தேன், கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வண்டியின் மூக்கு பெரிய சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்க, கிறீச்சென்று ஒரு ரொட்டி வேன் எனக்கு முன்னால் ஒடித்துத் திரும்பி நின்றது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

பின்சீட்டில் ஐஸ் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. நல்லவேளை, போகும்போது என்பதால் உள்ளே குழாய்கள் காலியாக இருந்தன. அந்தப் பதற்றத்தில் முதல் வீட்டில் ஒரு பெரியவருக்கு இரண்டு முறை குத்த வேண்டியதாகிவிட்டது. அவர் திட்டினதில் நியாயம் இருந்தது. அன்றைக்கு முழுக்க முதல் கியரிலேயே ஊர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது விஞ்ஞானி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைகூட நிற்கவில்லை.

"பயத்துல கிளட்ச்ச மிதிச்சிருப்ப."

"எனக்குக் கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியாதா?"

"சரி சரி, கத்தாத. நாளைக்குக் கொஞ்சம் ஆயில் ஊத்தித் தர்றேன்."

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு நானே வேறு மெக்கானிக்கிடம் கொண்டுபோவது என்று முடிவு செய்துகொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மெக்கானிக்கின் கவுன்டருக்குக் கீழேயும் ஒரு டைல் இருக்கும்.

மறுநாள் என் மாமியாருக்குக் கண் மருத்துவமனையில் பரிசோதனை. அத்தை நேரத்துக்கே கிளம்பி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஐஸ் பெட்டியோடு இறங்கினேன். விஞ்ஞானி, சொன்ன சொல் தவறாமல், பானெட்டைத் திறந்து எண்ணெயை ஊற்றி மூடிக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றியாயிற்று, முதல் கியரில் ஊர்ந்தால் சனிக்கிழமைவரை தாங்கும் என்று எனக்கும் ஒரு நம்பிக்கை.

"அத்தை, நான் அந்த வழியாத்தானே போறேன். ஏறுங்க, மெதுவா ஓட்டுறேன்" என்றேன்.

"வேணாம் வேணாம், டாக்சி சொல்லியிருக்கேன்" என்று குறுக்கே விழுந்தார் விஞ்ஞானி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழங்கால் வலிக்கிற அம்மாவை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, நடந்தால்தான் உடம்புக்கு நல்லது என்று உபதேசம் செய்கிற பிள்ளை இவர். டாக்சி என்ற வார்த்தை இவர் வாயிலிருந்து வருமா?

"கார் இருக்கும்போது எதுக்கு டாக்சி?"

"உன் பெட்டி, ஊசி, ரத்தம் எல்லாம் கிடக்கும். அம்மாவுக்கு ஒத்துக்காது."

"ரத்தமெல்லாம் எனக்கு ஒண்ணும் பண்ணாதுப்பா" என்றார் அத்தை, உள்ளபடியே ஆச்சரியமாக. "பிரேக் சரியில்ல, அதுல ஏறாதேன்னுதானே சொன்ன? குட்டியக்கூட அதனாலதானே பஸ்ல போட்ட?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்கிட்ட சொல்லலையா?"

நான் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு விளக்கை என்ன பண்ணீங்க?"

"அது சென்சர் தொல்லை. ஒயரைக் கழட்டி விட்டா எரியாதுன்னு வீடியோல..."

"சரி பண்ணியாச்சுன்னு சொன்னீங்க."

"விளக்கு சரியாச்சா இல்லையா?"

"பிரேக்?"

"ஆயில்தான் ஊத்திக்கிட்டே இருக்கேனே! சம்பளம் வந்ததும் மாத்திடலாம்னு இருந்தேன். எப்படியும் அவன் சொன்னதுல பாதிக்கு முடிச்சிடுவேன்."

"அப்புறம் ஏன் அத்தையை ஏறவிட மாட்டேங்கறீங்க?"

"வயசானவங்க. ஒரு சேஃப்டிக்கு."

"குட்டி?"

"சின்னப் பிள்ளை. எதுக்கு ரிஸ்க்?"

"நான்?"

விஞ்ஞானி ஒரு நொடி விழித்தார். இந்தக் கேள்வி அவருக்குப் புதிது. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது என்று சத்தியமாகச் சொல்வேன். பிறகு முகம் மலர்ந்தது. வாடிக்கையாளருக்கு விலை உயர்ந்த டைலைக் காட்டும்போது மலர்கிற அதே முகம்.

"நீ என்ன, நல்லா ஓட்டுவ. சமாளிச்சுக்குவ."

பாராட்டுகிறாராம்! என்னைக் கொல்லப் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், திட்டம் வேண்டும், அதெல்லாம் இவரிடம் ஏது? பத்திரமாக வைக்க வேண்டியவர்கள் யார் யார் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறார், அம்மா வந்திருக்கிறார், மகள் வந்திருக்கிறாள், எண்ணிக்கை முடிந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்த ஆளுக்கு முட்டாள் என்ற சலுகையைக் கொடுத்து வைத்திருந்தேன். அன்றைக்கு அதையும் திருப்பி எடுத்துக்கொண்டேன். அவ்வளவு அருவருப்பாக இருந்தது, அழுகைகூட வரவில்லை.

சாவியை நீட்டினேன்.

"ஓட்டுங்க. கீழ மெயின் ரோடு வரைக்கும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"எனக்கு ஷோரூமுக்கு நேரமாச்சு."

"ரெண்டு நிமிஷம் ஆகுமா? நல்லா இருக்கிற வண்டிதானே. ஓட்டுங்க."

சிரித்துப் பார்த்தார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், மறுக்க முடியவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். நான் சுற்றிப் போய்ப் பக்கத்தில் ஏறி பெல்ட் போட்டேன். அவரும் பெல்ட் போட்டார், ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு பிரேக்கை மிதித்தார்.

பெடல் நிதானமாகத் தரைக்குப் போனது. அவர் காலை எடுத்தார். மறுபடி மிதித்தார். அது மறுபடியும் போனது. கண்ணாடிக்கு வெளியே தெரு வழித்துவிட்ட மாதிரி கீழே இறங்கியது, அதன் அடியில் மணல் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு குறுக்கே போனது. சாவியில் வைத்த கையை அவர் திருப்பவே இல்லை. மேலுதட்டில் வியர்வை அரும்பியது. கையை எடுத்தார், பாக்கெட்டிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"அண்ணே, நான் டைல்ஸ் ஷோரூம்லேருந்து பேசறேன். ஆமா, அந்த பிரேக் வண்டிதான். மாத்திடுங்க... எல்லாத்தையும்தான்... வைப்பரா? சரி, அதையும் மாத்திடுங்க. எவ்வளவு ஆனாலும் பரவாயில்லண்ணே. இல்ல, ஓட்டிட்டு வர முடியாது. நீங்களே ஆள் அனுப்பி இழுத்துட்டுப் போயிடுங்க."

தீப்பெட்டிக்குக்கூட பேரம் பேசுகிற வாய் அது. 'எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல' என்று அந்த வாய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் கால் அந்தப் பெடல்மேல் இருந்தது கொஞ்ச நேரம்தான். என் கால் எத்தனை நாளாக இருந்தது!

இறங்கினதும் அவருக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பார்த்தியா, உனக்காக எவ்வளவு செலவு பண்றேன்னு!"

"எனக்காக இல்ல. நீங்க உக்காந்தீங்க, அதுக்காக" என்றேன்.

அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. புரியவைக்க எனக்கும் ஆசை இல்லை. டாக்சி வந்தது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். "அப்ப டாக்சி காசுல பாதி..." என்று ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஆரம்பித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

வண்டி சரிவில் இறங்கியது. என் வலது கால் தானாகவே தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கீழே, சாலை முனையில், டாக்சிக்காரர் பேச்சுவாக்கில் பிரேக்கைத் தொட்டார். வண்டி நின்றது. லாரி ஒன்று போகும்வரை அசையாமல் நின்றது. அதற்கே எனக்கு உடைந்து அழுகை வந்துவிட்டது.

அத்தை என் முதுகைத் தடவினார். "அவன் உங்கிட்ட சொல்லியிருப்பான்னுதான்மா நான் நினைச்சுட்டிருந்தேன்" என்றார்.

சொல்லியிருப்பான் என்றே வைத்துக்கொள்வோம். பிரேக் இல்லாத வண்டி என்று தெரிந்துகொண்டே இந்தப் பெண் தினமும் காலையில் அதில் ஏறிப் போகிறாளே, ஏன் போகிறாள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். அத்தை கைப்பையைத் திறந்து, கண்ணுக்கு வைத்திருந்த கைக்குட்டையை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.